உதிர்கிற பாறைக்கு எத்தனை நட்சத்திரம்?

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு எடப்புளி நாட்டுப் பக்கம் போனால், பாறையெல்லாம் கருப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்துக் கிடக்கும். கால் வைத்தால் வழுக்கும். அதே பாறை பங்குனி வெயிலில் காய்ந்து, செருப்புக் காலோடு ஏறிவிடலாம் போல இருக்கும். நாளைக்கு யாராவது இங்கே ஏறும் பாதைகளைப் பட்டியல் போட்டு நட்சத்திரம் கொடுத்தால், எந்த மாதத்துப் பாறைக்குக் கொடுப்பார்கள்?

பாறையேறுபவர்கள் ஒரு ரூட்டுக்கு இரண்டு மதிப்பு தருவார்கள். எவ்வளவு கடினம் என்பதற்கு கிரேடு. ஏறுவதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு நட்சத்திரம். மவுண்டன் ப்ராஜெக்ட் தளத்தில் ஏறியவர்கள் போடும் நட்சத்திரங்களின் சராசரியைக் காட்டுவார்கள், அதிகபட்சம் 4. என் சண்டை இந்தச் சராசரியோடுதான்.

ஒரு சின்னக் கணக்கு. நாலு பேர் ஆளுக்கு 4 போடுகிறார்கள். ஐந்தாவது ஆள் கை வைத்த இடத்தில் ஒரு கல் பெயர்ந்து வருகிறது, அவர் 1 போடுகிறார். சராசரி 3.4. பார்க்கிறவர் 'அருமையான ரூட்' என்று கிளம்பிவிடுவார். நமக்கு வேண்டிய தகவல் அந்த ஐந்தாவது ஆளிடம்தான் இருந்தது, அதைச் சராசரி முழுங்கிவிட்டது. ஆபீஸில் 100 டெஸ்டில் ஒன்று ஃபெயில் ஆனால், '99 பாஸ் ஆயிடுச்சே' என்று ரிலீஸ் பண்ணிவிடுவோமா? எது ஃபெயில் என்றுதானே முதலில் கேட்போம்.

அழுக்கும் உதிர்வும் ஒன்றல்ல. பாசி, மண், சருகு எல்லாம் பருவத்தோடு வந்து போகிறவை. ஆள் ஏற ஏறப் பாதை தானே சுத்தமாகும். அழுக்குக்காக நட்சத்திரத்தைக் குறைத்தால் யாரும் வரமாட்டார்கள், பாசி இன்னும் ஏறும். அதனால் அழுக்குக்கு மார்க் குறைக்க வேண்டாம், எந்த மாதம் ஏறினோம் என்று எழுதினால் போதும். அதற்காக நட்சத்திர ஆசையில் கம்பி பிரஷ்ஷால் பாறையையே வழித்தெடுப்பதும் தப்பு. கை, கால் வைக்கும் இடத்தைத் துடைத்தால் போதாதா?

உதிர்வு வேறு சமாச்சாரம். பெங்களூர் பக்கத்து சாவனதுர்கா, ராமநகரா போன்ற கருங்கல் குன்றுகளில் பாறை வெங்காயத் தோல் போலப் பாளம் பாளமாக உரியும். தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளென்று சத்தம் வரும் இடங்களை நம்பக்கூடாது. பாதாமியில் இருப்பது மணற்கல். மணற்கல் நனைந்தால் பலம் குறையும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பிடித்த பிடி கையோடு வரும்.

பிரிட்டிஷ்காரர்கள் கிரேடு விஷயத்தில் இதை யோசித்திருக்கிறார்கள். ஆகக் கடினமான நகர்வுக்கு ஒரு மதிப்பு, உதிர்வு உட்பட மொத்த ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு மதிப்பு. நட்சத்திரத்துக்கும் அப்படிப் பிரித்தால் என்ன?

'உதிர்கிற பாறையிலும் அற்புதமான ரூட் உண்டே' என்பார்கள். உண்டுதான். ஏறுகிறவர் அந்த ஆபத்தைத் தெரிந்து எடுக்கிறார். கீழே கயிறு பிடித்து நிற்பவரும், பாறையடியில் ஆடு மேய்ப்பவரும் அதை எடுக்கவில்லையே!

ஆகவே என் கட்சி இது: உதிர்வுக்கு நட்சத்திரம் குறையட்டும், ஏறும் சுகம் நிஜமாகவே குறைகிறது. ஆனால் அதோடு விடக்கூடாது. பக்கத்தில் தனியாக ஓர் எச்சரிக்கைக் குறி வேண்டும். ஒரே ஒருத்தர் சொன்னாலும் அது விழ வேண்டும். இன்னொருத்தர் போய்த் தட்டிப் பார்த்து, தேதி போட்டு எழுதும்வரை அதை எடுக்கக்கூடாது. சராசரி போடவே கூடாது.