இஸ்தான்புல்: மூன்று இடம், ஒரே தண்ணீர்

இஸ்தான்புல்லின் பழைய நகரத்தில் நிலத்தடி நீர்த்தொட்டி, தெருக் குழாய், ஹமாம் மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனா காட்டுகிற விதத்தில் எனக்குப் பெரிய குறை இருக்கு.

முதலில் பசிலிக்கா நீர்த்தொட்டி. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் கட்டியது. வரிசைக்கு 28 தூண், 12 வரிசை, ஆக 336. 2022-ல் புதுப்பித்துத் திறந்தபின் நிறம் மாறும் விளக்குகள், நவீன சிற்பங்கள் எல்லாம் வந்துவிட்டன. கூட்டம் நேராக மெதூசா தலைகளிடம் போகிறது. ஒன்று தலைகீழாக, இன்னொன்று சரிந்து கிடக்கிறது. செல்ஃபி எடுத்ததும் மேலே ஏறிவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு? கோட்டைக்குள் பெரிய ஆறு கிடையாது. தண்ணீர் வெகுதூரத்துக் காடுகளிலிருந்து கால்வாயில் வரவேண்டும். முற்றுகையிடும் எதிரி கால்வாயை உடைத்தால் ஊரே தவிக்கும். எங்கள் தொழிலில் பஃபர் என்போமே, அதேதான். அந்தப் பயம் புரியாவிட்டால் 336 தூணும் வெறும் அலங்காரம்.

பதினாறாம் நூற்றாண்டில் பீட்டர் கில்லியஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்தபோது, மேலே குடியிருந்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வாளி விட்டு நீர் இறைத்தார்கள், மீன்கூடப் பிடித்தார்கள். என்னைக் கேட்டால் மெதூசாவைவிட இது நல்ல கதை.

அடுத்து, தோப்காபி அரண்மனை வாசலில் மூன்றாம் அகமதுவின் நீர்மண்டபம், 1728. நாலு பக்கமும் குழாய், நாலு மூலையிலும் ‘செபில்’. செபில் என்றால் கம்பிச் சன்னல் வழியாக வழிப்போக்கருக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுக்கும் இடம். நம்ம தண்ணீர்ப் பந்தலேதான், பளிங்கில். இன்று பயணிகள் அதைப் படமெடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீர் வாங்கப் போகிறார்கள்.

ஹமாமும் வெறும் சொகுசு இல்லை. 1741-ல் கட்டிய ஜாலோலு ஹமாமின் வருமானம் ஹாகியா சோபியா நூலகத்துக்குப் போனது. ஊரார் குளித்த காசில் புத்தகசாலை நடந்திருக்கிறது! இன்றைய கட்டணத்தில் பக்கத்துத் தெருக்காரர் வாராவாரம் குளிக்க முடியுமா?

தொட்டி, குழாய், ஹமாம் எல்லாம் ஒரே நீர் வழங்கல் அமைப்பின் பாகங்கள். அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழகு பூசி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் போனால் வாலன்ஸ் நீர்ப்பாலத்தில் ஆரம்பியுங்கள். நான்காம் நூற்றாண்டுக் கட்டுமானம், இப்போதும் அதன் வளைவுகளுக்கு அடியில் பஸ் ஓடுகிறது. பார்க்கக் காசும் கிடையாது. அங்கிருந்து கிழக்கே, தண்ணீர் ஊருக்குள் வந்த திசையிலேயே நடங்கள். டிக்கெட் இடங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.