பெண்ணின் பொருள்வயிற் பிரிவு

கடற்பயணத்தில் பெண்ணுக்கு இடம் தரவில்லை தொல்காப்பியம். பிரிந்து போவது அவன். முல்லையில் ஆற்றியிருப்பது அவள். இருபது ஆண்டுகளாக நான் நடத்தும் பாடம் இது.

ஸ்பீல்பெர்க்கின் ‘தி டெர்மினல்’ (2004) படத்தில் நியூயார்க் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்பவன் ஆண். அவன் தங்கியிருப்பது சாகசமாகிறது. ஊர் ஊராகப் பறக்கும் விமானப் பணிப்பெண் அமெலியாவோ மணமான ஒருவனின் அழைப்புக்குக் காத்திருக்கிறாள். பறந்தாலும் அவளுக்கு விதித்தது இருத்தல்தான்.

தோஹாவில் அடுத்த விமானத்துக்காக ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் தரையில் முறைவைத்துத் தூங்கினார்கள். ஒருத்தி உறங்க, இன்னொருத்தி பைகளுக்கும் பாஸ்போர்ட்டுகளுக்கும் காவல். பொருள் தேடிப் பிரிந்தவர்கள் இவர்கள். ஊரில் காத்திருப்பவர்கள் பிள்ளைகள். இந்தப் பிரிவுக்கு நம் அகத்திணையில் துறை இல்லை. நாம்தான் எழுத வேண்டும்.