பாஸ்பரஸ்: "ஏரி, குளத்தில் விட்டால் மட்டும்"

சுத்திகரித்து வெளியே விடும் கழிவுநீரில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கலாம்? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட தரநிலையில் இதற்கு வரம்பே கிடையாது. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதியைக் கடுமையாக்கி, மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றது. நல்ல விஷயம்தான். ஆனா பக்கத்திலேயே ஒரு நிபந்தனை: குளம், ஏரிகளில் விடும்போது.

என் தொழிலில் இப்படி ஒரு இஃப் கண்டிஷனைப் பார்த்தால் முதலில் கேட்பது, "எல்ஸ்ல என்ன நடக்கும்?" என்றுதான். ஆற்றில் விட்டால் பாஸ்பரஸுக்கு வரம்பு இல்லை. ஓடுகிற தண்ணீரில் பாசி அவ்வளவாகப் பெருகாது என்பது இதற்கான நியாயமாக இருக்கலாம்.

ஆறு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி தென்பெண்ணையில் சேருகிறது. அங்கிருந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று வரிசையாக அணைகள். அணையில் தேங்கினால் அதுவும் ஏரிதானே! கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரை செய்தியாகிறது. நுரைக்கு முக்கியக் காரணம் சோப்பு ரசாயனங்கள். பாஸ்பரஸ் சத்தமில்லாமல் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது.

நைட்ரஜன் மாதிரி இது வாயுவாகப் பறந்தும் போகாது. சேற்றில் படியும், ஆக்ஸிஜன் குறைந்தால் திரும்பவும் தண்ணீருக்கு வரும். வழக்கமான ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை இதில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். மிச்சத்துக்குப் படிகாரமோ இரும்பு உப்போ போடணும், இல்லைன்னா பாஸ்பரஸைச் சேர்த்து வைக்கும் பாக்டீரியாவை வளர்க்கணும். இரண்டுக்கும் செலவு உண்டு. விதி கேட்காத செலவை எந்த மாநகராட்சி செய்யும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 விதியும் எல்லா இடத்துக்கும் பாஸ்பரஸ் வரம்பு வைக்கவில்லை. பாதிப்புக்குள்ளாகும் நீர்நிலைகளுக்கு மட்டும்தான். ஆனால் அந்த நீர்நிலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்து மாசு சேர்க்கும் நிலையங்களுக்கும் அதே விதி என்று தனியாக எழுதி வைத்தார்கள். நம் உத்தரவில் விடுபட்டது இந்த ஒரு வரிதான்.

எல்லா ஆற்றுக்கும் 1 மில்லிகிராம் கேட்டால் சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான வாதம். அதனால் குழாய் எதில் முடிகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே அணையோ ஏரியோ இருக்கிறதா, அதில் இந்த நிலையத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டால் முதல் வரிசையில் பெருநகரங்கள்தான் வரும்.