அத்தரை மூச்சாக இழுக்காதீர்கள்

ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் சார்மினார் பார்ப்பார்கள், லாட் பஜாரில் வளையலுக்குப் பேரம் பேசுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள். அத்தர் கடைக்குள் நுழைந்தவர்களில் பலர் ஐந்தே நிமிடத்தில் தலைவலியோடு வெளியே வந்து, "எல்லாம் ஒரே வாசனையா இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. அத்தர் மேலும் தப்பில்லை. மூச்சு போக வேண்டிய வழியில் மணத்தை அனுப்பியதால் வந்த வினை அது. மூக்கு இரண்டு வேலை பார்க்கிறது. இரண்டுக்கும் இடம் வேறு, செல் வேறு, வேகமும் வேறு. இது தெரிந்து போனால் அதே கடையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

1591-இல் முகமது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாருக்கு முதுகைக் காட்டி வடக்கே நடந்தால் குல்சார் ஹௌஸ் நீரூற்று. அதைத் தாண்டி மூசி ஆற்றுப் பக்கமாகப் போனால் பத்தர்கட்டி. கருங்கல் வளைவுகளின் கீழே வரிசையாகக் கடைகள். புடவை, முத்து, நடுநடுவே அத்தர். சுல்தான்கள் காலத்திலிருந்தே தக்காணத்துக்கு மணப் பித்து உண்டு. எந்தத் தோட்டத்தில் எந்தப் பூ, எந்த வேளையில் எந்தப் பூச்சு என்றெல்லாம் தக்கணி உருதுவில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை மட்டுமே வைத்து அலி அக்பர் ஹுசைன் என்பவர் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ரம்ஜான் இரவுகளில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. வேடிக்கை பார்க்க அது நல்ல நேரம், முகர்ந்து பார்க்க அல்ல. சாதாரண நாளில் முற்பகலில் போங்கள். காலையில் ஊதுவத்தி ஏற்றிய அறையிலிருந்து கிளம்பாதீர்கள். சென்ட் பூசிக்கொள்ளாமல் போங்கள்.

கடைக்காரர் கண்ணாடிக் குச்சியை நனைத்து உங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். கையை மூக்கில் அழுத்தி நெஞ்சு நிறைய இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்போது என்ன நடக்கிறது?

மூக்கின் உள்ளே இரு பக்கச் சுவர்களிலும் மூன்று மூன்று சுருள் எலும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே இருப்பதுதான் பெரியது. மூச்சுக் காற்றில் பெரும்பகுதி கீழ்ச்சுருள், நடுச்சுருள் வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கி அனுப்பும் பாதை அது. அங்குள்ள செல்கள் நெட்டையானவை. ஒவ்வொன்றின் தலையிலும் நூற்றுக்கணக்கில் குற்றிழைகள். இடையிடையே கோழை சுரக்கும் கோப்பை வடிவ செல்கள். குற்றிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசி ஒட்டிய கோழையைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். காற்று இன்னும் இறங்கினால் மூச்சுக்குழல், அதன் கிளைகள், கடைசியில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள். அவற்றின் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. அற்புதமான கட்டுமானம்தான், ஆனால் மணம் அறியும் நரம்பு செல் ஒன்றுகூட அங்கே கிடையாது. நெஞ்சு நிறைய இழுத்த அத்தரில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் அதுதான்.

மணத்துக்கான இடம் மேலே இருக்கிறது. புருவ நடுவுக்குப் பின்னால், மூக்கறையின் கூரையில், சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு படலம். சுற்றிலும் இளஞ்சிவப்பாக இருக்க, இது மட்டும் லேசாக மஞ்சள் பூத்திருக்கும். சாதாரண மூச்சில் சுமார் பத்தில் ஒரு பங்கு காற்றுதான் இங்கே எட்டிப் பார்க்கும். சின்னச் சின்னதாக, விட்டு விட்டு உறிஞ்சினால் இன்னும் கூடுதலாக மேலே சுழன்று வரும். நாய் செய்வது இதைத்தான். நாமும் சூடான ரசத்தை முகர்ந்து பதம் பார்க்கும்போது யாரும் சொல்லித் தராமலே இப்படித்தான் செய்கிறோம்.

எனவே முதல் பாடம்: கையை மூக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். வாயை மூடி, மூன்று நான்கு சின்ன உறிஞ்சல். நெஞ்சு உயரக் கூடாது. உயர்ந்தால் அது மூச்சு. பிறகு கையை நகர்த்திவிட்டு, வெறும் காற்றில் ஒரு முழு மூச்சு.

அந்த மஞ்சள் படலத்தை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூன்று வகை செல்கள் அங்கே முக்கியம்: மணத்தை உணரும் நரம்பு செல்கள், அவற்றை அணைத்து நிற்கும் தாங்கு செல்கள், தரையோடு தரையாக அடிச்செல்கள். நரம்பு செல்லின் முனை ஒரு சிறு குமிழாகப் புடைத்து, அதிலிருந்து நீளமான இழைகள் கோழைக்குள் படர்ந்து கிடக்கும். மூச்சுப் பாதையின் இழைகளைப் போல இவை அடிப்பதில்லை, அசையாமல் காத்திருக்கும். மணத்துகள் கோழையில் கரைந்து இந்த இழைகளில் உள்ள ஏற்பியில் பொருந்தினால்தான் சேதி கிளம்பும். கோழை அடைத்தாலும் போச்சு, காய்ந்தாலும் போச்சு. விடிய விடிய ஏசியில் கிடந்த மூக்கோடு அத்தர் கடைக்குப் போவதில் பயனில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

மனிதனுக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு நரம்பு செல்லுக்கு ஒரே வகை ஏற்பிதான். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்சலும் 1991-இல் கண்டறிந்தார்கள். 2004-இல் நோபல் வந்தது. ஒரு மணத்துகள் பல ஏற்பிகளைத் தொடும், ஓர் ஏற்பி பல துகள்களுக்கு இசையும். அதனால்தான் 400 வகையை வைத்துக்கொண்டு எண்ணிலடங்காத மணங்களைப் பிரித்தறிகிறோம். இந்த செல்களின் வால்கள் மண்டையோட்டு அடித்தளத்தில் பொடித் துளைகள் போட்ட எலும்பு வழியாக, இடியாப்ப அச்சில் மாவு இறங்குவதைத் தலைகீழாக்கினாற்போல, நூல்நூலாக மேலேறி மூளையின் முகர் குமிழைத் தொடும். ஒளியும் ஒலியும் தாலமஸ் என்ற நடுநிலையத்தில் நின்றுதான் மூளைப் புறணிக்குப் போகும். மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. ஜவ்வாது மணம் பட்டதும் பாட்டி வீடு வந்து நிற்பதும், அது என்ன வாசனை என்று பெயர் சொல்ல நாக்கு திணறுவதும் இந்தக் குறுக்கு வழியால்தான். ஆகவே கடையில் பெயர் கண்டுபிடிக்க முட்டிமோதாதீர்கள். எந்த இடம், எந்த வயசு, எந்த ஆள் ஞாபகத்துக்கு வருகிறார் என்று பாருங்கள். பெயரைக் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

அடுத்து, ஒரு நாசியை மூடி முகருங்கள், பிறகு மற்றதை. எந்த நேரத்திலும் ஒரு நாசியில் காற்று தாராளமாகவும் மற்றதில் இறுக்கமாகவும் போகும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இது இடம் மாறும். இடகலை, பிங்கலை என்று சரம் பார்த்த நம் சித்தர் மரபுக்கு இது புதிதல்ல. முகர்வதற்கும் இதில் பங்குண்டு என்று 1999-இல் நோவாம் சோபல் குழு காட்டியது. கோழையில் சட்டென்று கரையும் மணங்கள் வேக நாசியிலும், மெல்லக் கரைபவை இறுக்க நாசியிலும் தூக்கலாகத் தெரியும். ரோஜாவை இடது வலதாக மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே கோடு, இரண்டு ரோஜா. பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூக்கில் இன்னொரு நரம்பும் குறுக்கிடும். முகத்தின் எரிச்சல், குளிர்ச்சி, வலியைச் சொல்லும் முப்பிரிவு நரம்பு. கற்பூரத்தின் சில்லிப்பு, வெங்காயத்தின் காரம், ஸ்பிரே சென்ட் அடித்தவுடன் வரும் சுள்ளென்ற குத்தல் எல்லாம் அதன் வேலை. சென்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு குத்தும். மரபான அத்தரில் ஆல்கஹால் இல்லை; சந்தன எண்ணெய்தான் அடித்தளம். எனவே நல்ல அத்தர் முதல் நொடியில் உங்களை அடிக்காது. இப்போது மலிவுப் புட்டிகளில் சந்தனத்துக்குப் பதில் திரவ பாரபினும் வேறு ரசாயன எண்ணெய்களும் வருகின்றன. "ஹல்கா (மென்மையானது) வேணுமா, தேஜ் (தூக்கலானது) வேணுமா" என்று கேட்பார்கள். முதல் தடவை ஹல்கா என்றே சொல்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? என் ஓட்டு மிட்டி அத்தருக்கு, அதாவது மண் அத்தருக்கு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வடிப்பது இது. சுட்ட மண் வில்லைகளைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, வாயை மண் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். நீராவி மூங்கில் குழாய் வழியாக, குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்த இன்னொரு செம்புக் கலத்துக்கு வரும். அதில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மழை மண்ணின் மணத்தை ஆராய்ந்து 1964-இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பேர், தாமஸ் இருவரும் இந்த இந்திய அத்தரைத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மழை மணத்தில் முக்கியப் பங்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினுக்கு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும்.

மண் அத்தரைப் பூசியதும் "ஒன்றும் இல்லையே" என்று தோன்றும். சந்தனத்தின் துகள்கள் கனமானவை, மெல்லத்தான் கிளம்பும். கைச்சூட்டில் கொஞ்ச நேரம் விடுங்கள். முதலில் பானைத் தண்ணீர், அப்புறம் சுண்ணாம்படித்த ஈரச் சுவர், அப்புறம் புழுதி. எனக்கு அந்த வரிசையில் தெரிகிறது, உங்களுக்கு மாறலாம். சில கஸ்தூரி வகை மணங்கள் சிலருடைய மூக்குக்கு எட்டுவதே இல்லை. ஏற்பி மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் கூட வந்தவரோடு சண்டை போட வேண்டாம்.

மல்லிகை அத்தரை எடுத்தால் அதன் அடியில் ஒளிந்திருக்கும் அழுக்கைத் தேடுங்கள். மல்லிகையில் இண்டோல் உண்டு. அடர்ந்தால் மல நாற்றம், துளியூண்டு என்றால் பூ. அந்தத் துளி இல்லாத செயற்கை மல்லிகை சோப்பு மாதிரி தட்டையாக நிற்கும். கோடைக்கு வெட்டிவேர், குளிருக்கு ஹினா, ஷமாமா என்பது வழக்கம். வளைகுடாப் போக்குவரத்தால் ஊது எனும் அகில் அத்தருக்கு இப்போது மவுசு. விலையைக் கேட்டுவிட்டு முகருங்கள்.

ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஒரே மணம் தொடர்ந்து பட்டால் ஏற்பிகளும் மூளையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கிண்ணத்தை நீட்டுவார்கள். 2011-இல் சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றைவிட அது ஒன்றும் மேலாக இல்லை. வாசலுக்கு வந்து நில்லுங்கள், அல்லது அத்தர் படாத உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கடைக்குள்ளே நிற்காமல், பஞ்சில் தொட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவது நல்லது. பிடித்ததை அன்றே தோலாக் கணக்கில் வாங்காதீர்கள்; மூன்று மில்லி போதும். மறுநாள் காலை சட்டைக் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

இப்படி முகர்ந்தும் ஒன்றும் தெரியவில்லையா? கொரோனாவுக்குப் பின் முகரும் திறன் போனவர்களும், பாதி திரும்பியவர்களும் நம்மிடையே நிறைய. அந்தக் கிருமி பெரும்பாலும் தாக்கியது நரம்பு செல்லை அல்ல, பக்கத்துத் தாங்கு செல்லை. அடிச்செல்கள் மிஞ்சியிருந்தால் புதிய நரம்பு செல்கள் முளைக்கும். பெரியவர்களானாலும் இப்படிப் புதுப்பித்துக்கொள்ளும் நரம்பு செல்கள் உடம்பில் அபூர்வம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த பிறகு, ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் 2009-இல் சோதித்த பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நாலு மணங்கள், ஒவ்வொன்றும் பத்து விநாடி, காலையிலும் படுக்குமுன்னும், பன்னிரண்டு வாரம். ரோஜா பத்தர்கட்டியிலேயே கிடைக்கும், மற்றவற்றை மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு செல் முளைத்து, எலும்பின் துளை தாண்டி, முகர் குமிழில் தன் இடத்தைப் பிடிக்க அத்தனை நாளாகும்.