ரோட்டா தடுப்பு மருந்து: எந்தச் சதவீதத்தை நம்புவது?

வயிற்றுப்போக்கால் துவண்டு, கண்கள் குழிந்து, வாய் உலர்ந்த கைக்குழந்தை ஒன்று மருத்துவமனைக்கு வருகிறது. அதை எடை போட வேண்டும்; இழந்த நீரைக் கணக்கிட வேண்டும்; உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி நிற்காவிட்டால், மெல்லிய இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்துத் திரவம் ஏற்ற வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதிருக்கத் தனியறையும் வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் குழந்தைகள் வார்டுகளில், 2013-க்கு முன், குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் இக்காட்சியைக் காணலாம். இதற்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ்.

இவ்வைரஸ் 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கண்டறியப்பட்டது. வயிற்றுப்போக்கால் வருந்திய குழந்தைகளின் சிறுகுடல் திசுக்களை ரூத் பிஷப் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது புலப்பட்டது. சக்கரம் போன்ற தோற்றம் உடையதால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர்.

2013 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் ரோட்டா தடுப்பு மருந்து வாய்வழியே கொடுக்கப்பட்டது. முதல் ஆண்டின் விளைவைப் பற்றி ஆய்வாளர்கள் இரண்டு எண்களை வெளியிட்டனர். ஒரு வயதுக்கு உட்பட்டோரிடையே, ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்ட ரோட்டா தொற்று 77 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே வயதினர் வயிற்றுப்போக்கு நோய்களால் மருத்துவமனையில் சேர்வது 26 சதவீதமே குறைந்தது.

இங்குதான் வாதம் தொடங்குகிறது. மருந்தைப் போற்றுவோர் 77-ஐ மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஐயுறுவோர் 26-ஐ மட்டும் சுட்டுகிறார்கள். இரு சாராருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். எதில் 77? எதில் 26?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். வயிற்றுப்போக்கால் 100 குழந்தைகள் சேர்க்கப்படுவதாகவும், அவர்களில் 34 பேருக்கு ரோட்டாவே காரணம் என்றும் கொள்வோம். மற்ற 66 பேரின் நோய்க்குப் பிற கிருமிகள் காரணம். அவற்றை இம்மருந்து தடுக்காது. 34-இல் 77 சதவீதம் ஏறத்தாழ 26. ஆகவே அவ்விரு எண்களும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. முதலாவது, மருந்து தன் எதிரியை எவ்வளவு வென்றது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வார்டின் சுமை எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்கிறது. கட்டில்களையும் செவிலியரையும் திட்டமிடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண்ணே.

அந்த 26-ஐயும் அற்பமென்று தள்ளிவிடக் கூடாது. முதற்காரணம், காலம். மூச்சுத்திணறலும் சளிக்காய்ச்சலும் உள்ள குழந்தைகளால் வார்டு ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் மாதங்களில் இச்சுமை குறைகிறது. இரண்டாவது, வார்டுக்குள்ளேயே பரவும் தொற்று. ரோட்டா நோய் உண்டாக மிகச் சில வைரஸ் துகள்களே போதும். கதவுக் கைப்பிடியிலும் விளையாட்டுப் பொருள்களிலும் அவை நாட்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். எலும்பு முறிவுக்காக வந்த குழந்தை வயிற்றுப்போக்கோடு மேலும் சில நாட்கள் தங்க நேர்வது இதனால்தான். உள்ளே வரும் நோயாளிகள் குறைந்தால் இந்த ஆபத்தும் குறைகிறது. மூன்றாவது, மருந்து பெறாத மூத்த குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும்கூட நோய் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்து, அந்த ஓராண்டில் சுமார் 50,000 மருத்துவமனைச் சேர்க்கைகள் தவிர்க்கப்பட்டதாக அவ்வாய்வு மதிப்பிட்டது.

ஆயினும் போற்றுவோரிடமும் ஒரு குறை உண்டு. தவிர்த்த சேர்க்கைகளை எண்ணி, அத்தனை பணமும் மிச்சம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். குழந்தைகள் வார்டில் கட்டில் காலியாகக் கிடப்பதில்லை. வேறொரு நோயாளிக் குழந்தை அதில் படுக்கிறது. செவிலியரின் சம்பளமும் குறைவதில்லை. உண்மையான ஆதாயம் பணப்பெட்டியில் இல்லை. காத்திருந்த குழந்தைக்கு இடம் கிடைத்ததில் இருக்கிறது.

இதே அளவுகோலை நம் நாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்து டில்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான ரோட்டா நோயை முதல் வயதில் அது 56 சதவீதம் தடுத்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறிற்று. "பாதி மருந்துதானா?" என்று பலர் முகம் சுளித்தனர். ஆனால் தடுப்பு மருந்து வருமுன், இந்திய மருத்துவமனைகளில் வயிற்றுப்போக்கால் சேர்ந்த சிறு குழந்தைகளில் சற்றேறக்குறைய ஐந்தில் இருவருக்கு ரோட்டாவே காரணமாக இருந்தது. அதாவது நூற்றில் 40. எல்லாக் குழந்தைகளும் மருந்து பெறுவதாகக் கொண்டால், 40-இல் 56 சதவீதம் 22. இங்கிலாந்தின் கணக்கில் 26. நம் கணக்கில் 22. 77-க்கும் 56-க்கும் இடையே தெரிந்த பெரிய இடைவெளி, வார்டின் வாசலில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள்! முன்னது மக்களிடையே கண்ட விளைவு, பின்னது சோதனையில் கண்ட திறன். ஆகவே இவ்வொப்பீடு தோராயமானதே. எனினும் சதவீதத்தை மட்டும் கண்டு மருந்தை எடைபோடுவது தவறு என்பதை அது காட்டுகிறது. இந்திய அரசு 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019-இல் நாடு முழுவதும் இத்தடுப்பு மருந்தை விரிவுபடுத்தியது.

ஐயமே கூடாது என்பதல்ல நம் கருத்து. அமெரிக்காவில் முதன்முதலில் வந்த ரோட்டாஷீல்டு என்னும் மருந்து, குடலின் ஒரு பகுதி மற்றொன்றினுள் செருகிக்கொள்ளும் நோயைச் சில குழந்தைகளிடம் உண்டாக்கியதால் 1999-இல் கைவிடப்பட்டது. இன்றைய மருந்துகள் சிலவற்றிலும் இந்த ஆபத்து மிகச் சிறிய அளவில் காணப்பட்டுள்ளது. ஆகவேதான் முதல் தவணையைக் குறித்த வயதுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

இதனை "வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து" என்று அழைப்பதும் சரியன்று. மருந்து பெற்ற குழந்தைக்கும் பிற கிருமிகளால் வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது பெயரை நம்பிய தாய் ஏமாற்றமடைவாள். அடுத்த குழந்தைக்கு மருந்தே வேண்டாம் என்பாள். தூய குடிநீர், கை கழுவுதல், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றின் இடத்தை எந்தச் சொட்டு மருந்தும் பிடிக்க முடியாது.

இனி ஒரு தடுப்பு மருந்தைப் பற்றிச் சதவீதம் ஒன்றைப் படிக்கும்போது, அது எதில் இத்தனை சதவீதம் என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு அந்த மருந்தைப் போற்றலாம், குறையும் கூறலாம்.