ஏட்டில் இல்லாத குறிகள்

ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சி, சுவடி எழுதுவோர் புள்ளியையே பெரும்பாலும் விடுத்தனர். எகர ஏகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டிலர். அங்கே காற்புள்ளிக்கும் வினாக்குறிக்கும் இடமேது? பத்துப்பாட்டுக்காக உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரியில் ஏடு தேடியதும் இத்தகைய எழுத்துலகில்தான்.

ஈடு 36,000 படி எனப்படுகிறது. ஒற்றொழித்து 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். ஒற்றே எண்ணப்படாத அக்கணக்கில் குறியீடு எங்ஙனே புகும்! ஆயினும் வியாக்கியானம் தடையின்றி ஓடுவதன்று. 'என்னில்' என்றவிடத்தே ஆக்ஷேபம் முடிகிறது. 'அன்றிக்கே' என்று மற்றொரு நிர்வாகம் தொடங்குகிறது. 'என்றபடி' என்று வாக்கியம் இளைப்பாறுகிறது. நிறுத்தம் சொல்லிலேயே உள்ளது.

இதனை மறந்த பதிப்புகள் சில இக்காலத்தே காணப்படுகின்றன. வினாக்குறி மிகுதலும் வியப்புக்குறி இறைதலும் பொறுக்கத்தக்கவை. மேற்கோட்குறி அங்ஙனன்று. பட்டர் அருளிச்செய்ததை நஞ்சீயர் கேட்டு, அவர்பக்கல் கேட்ட நம்பிள்ளை காலக்ஷேபத்தில் எடுத்துரைக்க, வடக்குத்திருவீதிப்பிள்ளை பட்டோலைப்படுத்தினார். ஒரு ஐதிஹ்யத்துள் இத்தனை திருவாக்குகள் அடங்கியிருக்க, முடிக்கும் குறியை ஒரு வாக்கியம் தள்ளியிட்டால் நம்பிள்ளையின் விளக்கம் பட்டரின் வார்த்தையாகிவிடும். பூர்வபக்ஷத்தின் எல்லை பிறழ்ந்தாலோ, மறுக்கப்பட்ட கருத்தே சித்தாந்தமாக மேற்கோள் காட்டப்படும். குறியிட்டவர் பதிப்பாசிரியரோ அச்சுக்கோத்தவரோ என்பதும் வாசிப்பவர்க்குத் தெரியாது.

குறியே கூடாது என்பது நம் கருத்தன்று. ஆசாரியர் ஸந்நிதியில் ஈடு கேட்கும் வாய்ப்பில்லாதவர்க்குக் காற்புள்ளியும் ஒரு கைத்தாங்கல். திவ்யப்பிரபந்தப் பதிப்புகளில் அடிகளிடையே இடப்படும் உடுக்குறியை நோக்குக. அது சீரையோ பொருளையோ பற்றியதன்று; கோஷ்டியில் சேவிப்போர் நிறுத்தும் இடத்தைக் காட்டுவது. அதனைப் 'பழைய அச்சுப்பிழை' எனக் கருதிக் களைந்து காற்புள்ளியிட்ட புத்தகமொன்றை நாம் கண்டோம். அதைக் கையிற்கொண்டு ஆழ்வார்திருநகரிக் கோஷ்டியில் நிற்பவர், பொருள் நன்குணர்ந்தவரேயாயினும், முதற்பாசுரத்திலேயே மற்றையோருக்குப் பிந்திவிடுவர்.

இனி ஈடு பதிப்பிப்போர், ஏட்டில் உள்ளது இது, தாம் இட்டது இது என்று முகவுரையிலேனும் பிரித்துரைத்தல் வேண்டும். ஐயமுள்ள இடங்களில் மேற்கோட்குறியை மூடாது விட்டு, அடிக்குறிப்பில் இருவகை நிர்வாகத்தையும் காட்டலாம்.