அஞ்சடி வழக்கும் அவையறிதலும்

சொற்போர் தமிழர்க்குப் புதியதன்று. வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரையும் அணுகி, ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயிலாகவே கேட்டறிந்த மணிமேகலையைச் சாத்தனார் நமக்குக் காட்டியுள்ளார். வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அவைக்கென்றே வகுத்தார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், ஒரு கருத்தை எதிர்கொள்ளும் முறைகள் ஏழு எனக் கண்டு, அவற்றை ‘மதம்’ என்னும் பெயரால் தொகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் அதனை ஏற்றுப் பின்னர்க் களைதல், தன் கருத்தை நாட்டி அதனை நிலைபெறச் செய்தல், இருவர் தம்முள் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக் காட்டல், பிறரோடு சேராது தன் கருத்தையே கொள்ளல் என்பன அவை.

இவை தேர்வுக்கு மனப்பாடம் செய்து பின்னர் மறத்தற்கு உரியனவா? அன்றித் தெருவில் எழும் வழக்கை நிறுத்துப் பார்க்கவும் உதவுவனவா? இவ்வினாவுக்கு விடை காண ஏற்றதொரு வழக்கு சிங்கப்பூரில் 2019இல் முற்றியது. அது மின்ஸ்கூட்டர் வழக்கு.

வழக்கின் களம் நடைபாதை. அதனைப் பற்றிய பூசல் அந்நகரில் பழமையானது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரமைப்பு விதிகளுள், கட்டடங்களின் முன்னே கூரையிட்ட நடைவழி இடையறாது அமைய வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வழியே மக்கள் பேச்சில் ‘அஞ்சடி’ ஆயிற்று. நடப்பவர்க்கென அமைந்த அஞ்சடியில் நாளடைவில் கடைச் சரக்கும் இடம்பிடித்தது. அதனை அகற்ற நகராட்சி முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன, கலகமும் மூண்டது. ‘வெராண்டா கலகம்’ என்று வரலாறு அதனைக் குறிக்கும். இன்றும் சிராங்கூன் சாலையில் மாலை தொடுக்கும் பூக்கடையும் காய்கறிக் கூடையும் அஞ்சடியைப் பங்கிட்டுக் கொள்வதையும், ஞாயிறு மாலைகளில் மக்கள் தோளோடு தோள் உரசி நடப்பதையும் காண்பவர், அந்தப் பழைய வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை என்பதை உணர்வர். ஓரடி இடமும் ஒருவர்க்கு நடையாகவும் மற்றொருவர்க்குப் பிழைப்பாகவும் இருக்கும் ஊர் அது.

அத்தகைய ஊரில், 2010க்குப் பின் வந்த ஆண்டுகளில் மின்ஸ்கூட்டர் பரவத் தொடங்கியது. முதலில் அஃது ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருந்தது. விடுமுறை நாளில் கூட்டமாக ஓட்டுவதும், வண்டியின் உறுப்புகளைப் பிரித்துப் பூட்டுவதும், மின்கலத்தின் ஆற்றலைப் பற்றி மணிக்கணக்கில் உரையாடுவதும் அவர்க்கு இன்பம் தந்தன. ‘பிக் வீல் ஸ்கூட்டர்ஸ் சிங்கப்பூர்’ போன்ற குழுக்கள் தோன்றின. உரையாடல் நாளடைவில் வண்டியை விட்டு விதிக்குத் திரும்பியது. எவ்வளவு விரைவு தகும், எங்கே ஓட்டலாம், வரம்பு மீறுவோரைக் குழு கண்டிக்க வேண்டுமா, அது காவலர் வேலையா என்றெல்லாம் ஆர்வலர் தம்முள்ளேயே வழக்காடினர். பொழுதுபோக்கு அரசியலாகியது இவ்வாறுதான்.

அரசு இதனைத் தொடக்கத்திலேயே அவைக்குக் கொண்டுவந்தது என்பதை மறத்தலாகாது. 2015இல் ஆலோசனைக் குழுவொன்று அமைந்தது. நடப்பவர், மிதிவண்டி ஓட்டுநர், கார் ஓட்டுநர் ஆகியோர் சார்பினரோடு மின்ஸ்கூட்டர் ஆர்வலர் சார்பாளரும் அதில் அமர்ந்தார். குழுவின் பரிந்துரைகளைத் தழுவி 2017இல் துடிப்பான நடமாட்டச் சட்டம் நிறைவேறியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வண்டியின் எடை 20 கிலோகிராமும், அகலம் 70 சென்டிமீட்டரும், விரைவு மணிக்கு 25 கிலோமீட்டரும் மிகலாகாது என வரம்பு வகுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் வண்டிப் பதிவு தொடங்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் நடைபாதை விரைவு 15இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைந்தது.

அதன் பின்னர் இரண்டு துயரங்கள் நேர்ந்தன. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீடொன்றில் மூண்ட தீயில் ஒருவர் மாண்டார். அங்கே மூன்று வண்டிகள் எரிந்து கிடந்தன. செப்டம்பரில் பிடோக் வட்டாரத்தில் மின்ஸ்கூட்டரோடு நேர்ந்த மோதலுக்குப் பின், மிதிவண்டியில் சென்ற 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். நவம்பர் 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தடை அறிவிக்கப்பட்டது. மறுநாளே நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் செல்லுதல் குற்றமாயிற்று. ஆண்டிறுதிவரை எச்சரிக்கை பெரும்பாலும் போதுமென விடப்பட்டது. 2020 பிறந்ததும் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டாயிற்று.

இனி, இருசாராரும் எடுத்தாண்ட வாதங்களை நிறுத்துப் பார்த்தல் தகும்.

நடப்போர் பக்கத்தில் அடிக்கடி கேட்ட வாதம், ‘நடைபாதை நடப்பதற்கே, அதன் பெயரே அதற்குச் சான்று’ என்பது. கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும். ஆயினும் இதனைப் பெயரிலக்கணம் கற்றவர் எளிதில் ஏற்கமாட்டார். நாற்காலி என்பது காரணம் பற்றி வந்த பெயரே. ஆயினும் நான்கு காலுடையன எல்லாம் நாற்காலி ஆவதில்லை. ஒரு பெயர் தோன்றிய காரணம் வேறு, அப்பொருளின் எல்லை வேறு. நடைபாதையிற் குழந்தை வண்டி செல்கிறது. சக்கர நாற்காலி செல்கிறது. அவற்றை விலக்க யாரும் கருதார். ஆகவே வழக்கைத் தீர்ப்பது பெயரன்று. மெல்லச் செல்வோர்க்கு ஆங்கே அச்சமின்றிச் செல்ல இயலுமா என்பதே உண்மையான வினா. அவ்வினாவை எழுப்பியிருந்தால் நடப்போர் வாதம் இன்னும் வலிமை பெற்றிருக்கும். முதுகுப்புறம் ஓசையின்றி வரும் வண்டிக்கு அஞ்சி, மாலை உலாவையே விட்டுவிடும் முதியவரைப் பெயர்ச்சொல்லால் காக்க முடியாது.

ஓட்டுநர் பக்கத்தில் கேட்ட வாதம், ‘கார் மோதியும் மக்கள் மடிகின்றனர், காரைத் தடுப்பாருண்டோ?’ என்பது. உவமை நயமுடையதே. ஆனால் உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் அன்றோ? காருக்குத் தனிச் சாலையுண்டு. ஓட்டுநர்க்குத் தேர்வும் உரிமமும் உண்டு. விபத்துக்குக் காப்புறுதி உண்டு. அவையனைத்தும் எமக்கும் வேண்டும் என்று முதலிலிருந்தே முழங்கியவர் கையில் இவ்வுவமை வாளாகியிருக்கும். கட்டுப்பாடு எதுவும் வேண்டா என்பவர் கையில் அது தன்னைப் பிடித்தவரையே வெட்டியது.

அவர்களிடம் இதனினும் வலிய வாதமொன்று இருந்தது. ‘வரம்பு மீறியவர் சிலர், ஒறுப்பு எல்லார்க்குமா?’ என்பதே அது. எடையும் விரைவும் மிகுந்த வண்டிகள் தடைக்கு முன்பே சட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றைப் பிடிப்பதை விட்டு விதிக்கு அடங்கிய வண்டியையும் விலக்குதல் முறையாகுமா? எளிதில் புறந்தள்ளக்கூடிய வினா அன்று இது. இங்கேதான் நன்னூலார் கூறிய மூன்றாம் மதம் தேவைப்பட்டது. ‘ஆம், பெரும்பாலோர் குற்றமற்றவரே, ஆயினும் தன்னை நோக்கி வரும் வண்டி எவ்வகையது என்பதை நடந்து செல்லும் பாட்டி எங்ஙனம் அறிவாள்? மோதிய பின்னர் அறிந்து பயன் என்ன?’ என்று முதலில் ஏற்றுப் பின்னர் விடை கூறியிருக்கலாம். அதற்கு மாறாக ஒரு பக்கம் ‘எல்லாரும் முரடர்’ என்றது. மறுபக்கம் ‘எல்லாம் மிகைப்படுத்தல்’ என்றது. வெறும் மறுப்பும், பிறரோடு சேராத பிடிவாதமும் மேலோங்கின. ஏழு மதங்களுள் இவ்விரண்டை மட்டுமே பற்றி நிற்கும் சொற்போர் விதண்டாவாதத்தில் முடிவது இயல்பு.

அரசு மேற்கொண்டது ஐந்தாம் மதம். இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல். துணிவதற்கு வேண்டிய காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் துணிவின் பாரம் யார் தலைமேல் விழுந்தது என்பதையும் காண வேண்டும். அப்போது நடைபாதைகளின் மொத்த நீளம் 5,500 கிலோமீட்டர். மிதிவண்டிப் பாதைகளின் நீளமோ 440 கிலோமீட்டர். பொழுதுபோக்காக ஓட்டியவர்க்கு இது விடுமுறை இன்பத்தின் இழப்பு. உணவுப் பொட்டலத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்த்துப் பிழைத்தவர்க்கோ அன்றைய கூலியின் இழப்பு. வீட்டு வாசலுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் நடைபாதை அன்றோ?

இவ்வழக்கின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. 2015இல் அவை கூடியபோது வண்டியைக் கொண்டு உணவு சுமக்கும் தொழில் இத்துணைப் பரவியிருக்கவில்லை. அவ்வவை ஆர்வலரை அறிந்திருந்தது, நடப்பவரை அறிந்திருந்தது. இடையே வளர்ந்துவிட்ட தொழிலாளரின் குரல், தடை வந்த பின்னரே உரத்துக் கேட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் இடங்களுக்கு அவர்கள் திரண்டு சென்று முறையிட்டனர். அரசும் உணவு விநியோக நிறுவனங்களும் சேர்ந்து, வேறு வண்டிக்கு மாறுவோர்க்கு ஆளுக்கு 1,000 வெள்ளி வரை உதவ 70 லட்சம் வெள்ளி ஒதுக்கின. உதவி வந்தது நன்று. ஆயினும் முன்னரே கேட்டிருந்தால், அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே ஓர் இரவுக்கு மேற்பட்ட கால இடைவெளி கிடைத்திருக்கக் கூடும்.

அவையறிதல் என்பதை, எதிரே அமர்ந்திருப்பவரின் தரம் அறிந்து பேசுதல் என்றே பெரும்பாலும் விளக்குகின்றனர். அது சரியே. ஆனால் அவையில் யார் இல்லை என்று அறிவதும் அவையறிதலின் பாற்பட்டதே. பொழுதுபோக்குக் குழுவின் உரையாடல் எத்துணை நேர்மையானதாயினும், அதில் ஓட்டத் தெரிந்தவர் மட்டுமே பேசுவர். மோதுண்டவர் அங்கே வாரார். நடப்போர் முறையீட்டிலும் அவ்வாறே. பசியோடு ஓடும் தொழிலாளி அங்கே வாரான். இல்லாதவர்க்காகவும் ஒரு சொல் பேச வல்லவரே நல்ல அவையினர்.

வழக்கு இன்னும் ஓயவில்லை. 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டிச் செல்லும் நடைபாதைகள் நடப்போர்க்கு மட்டுமே உரியனவாக ஒதுக்கப்பட்டன. நடக்க இயலாதோர் பயன்படுத்தும் மின்நாற்காலி, நடமாட்ட ஸ்கூட்டர் ஆகியவற்றின் விரைவை 10இலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைக்க வகைசெய்யும் சட்டத்தையும் அவ்வாண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஏற்றது. உடல் நலமுடையோர் சிலர் அவ்வண்டிகளைத் தம் வசதிக்காக ஓட்டியதே அதற்குக் காரணம். இம்முறை காலம் கட்சிகளை இடம் மாற்றி வைத்திருப்பது கருதத்தக்கது. முன்னர் நடப்பவராக நின்று ஓட்டுநரை அஞ்சிய மூத்தவர், முழங்கால் தளர்ந்தபின் தாமே ஓட்டுநர் ஆகிறார். எனவே நடப்பவர், ஓட்டுபவர் என்பன இருவேறு சாதிகள் அல்ல. ஒரே வாழ்வின் இருவேறு பருவங்கள். இதனை உணர்ந்தவர் எதிர்த்தரப்பை ஏளனம் செய்யத் துணியார்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. மாணவரை இரு கட்சியாகப் பிரித்து இவ்வழக்கைப் பேசச் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். எதிர்க்கட்சியின் கருத்தை அக்கட்சியாரே ‘ஆம், நாங்கள் கருதுவது அதுவே’ என்று ஒப்பும்படி முதலில் எடுத்துரைத்த பின்னரே, மறுக்கும் உரிமை ஒருவர்க்கு உண்டாக வேண்டும். மணிமேகலை முதலில் செவி கொடுத்தாள். அஞ்சடியில் எதிரெதிரே வரும் இருவரும் சற்றே ஒதுங்கினால்தான் இருவரும் செல்ல இயலும். சொல்லுக்கும் அதுவே நெறி.